தறிக்கூடத்தில் ஓடிய பலகை

ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகைப் படம் போட்ட பனியன்கள் விற்ற பழைய கம்பெனியை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். புதுப் பனியனைப் பிரித்ததும் வந்த அச்சு மை வாசனை, சூலூரில் மூடிக்கிடந்த தறிக்கூடத்துக்கு என்னை இழுத்துப்போனது. இன்று அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அன்று, அம்மா திருப்பூரிலிருந்து கொண்டுவந்த அந்தக் கம்பெனி கழித்துப்போட்ட ரிஜெக்ட் பனியனில் இருந்த பலகைப் படத்தைப் பார்த்து, ஜென்சி அக்கா ஒரு பலகைக்கு பேரிங் சக்கரம் பூட்டினாள். வழுவழுத்த சிமெண்டுத் தரையில் கடகடவென்று நாங்கள் மாறிமாறி உருண்டுகொண்டிருந்த ஒரு மத்தியானம், தறிக்கூடத்துக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் தோட்டத்தில்தான் அப்பாவுக்கு வேலை. நாங்கள் பலகையை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினோம்.

"ஏனம்மணி, நானொருக்கா ஏறிப் பாக்கட்டுமா?" என்றார்.

"ஏறுங்க. என்ற தோளப் புடிச்சுக்கோங்க," என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் ஒருநாளும் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர், அக்காவின் தோளை இறுகப் பிடித்தபடி, வேட்டி பறக்க, கூடத்தின் அந்தக் கோடிவரை சிரித்துக்கொண்டே போனார்.