மில் வாசலில் உதட்டுப் பேச்சு

பெங்களூர் மாகடி ரோட்டில், பல வருடங்களாக மூடிக்கிடக்கும் துணி மில்லின் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். எனக்குப் பின்னால் ஜேசிபி மில்லை இடித்துக்கொண்டிருக்கிறது. அடுக்குமாடி வரப்போகிறதாம். காவலுக்கு இருக்கும் பெரியவர் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி தமிழில் கத்துகிறார்.

“இருபத்தாறு வருஷம் இதே மில்லுல தறி ஓட்டினேன் சார். காது போச்சு. அந்த இரைச்சல்ல நாங்க உதட்டப் பாத்துதான் பேசிக்குவோம்.”

எதிர்ச்சாரியில் கூடையோடு ஒரு வயதான அம்மாள் வந்து நிற்கிறார். வாயை மட்டும் அசைக்கிறார். பெரியவரும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பதில் சொல்கிறார். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு நடக்கிறார்.

“யாருங்க அவங்க?”

என் உதட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “சரோஜா. என்கூட இதே மில்லுல, நூல் சுத்தற வேலை பாத்துச்சு. தினம் வந்து, மில்லு எப்ப தொறப்பாங்கன்னு கேக்கும். திங்கக்கிழமைன்னு சொல்லுவேன்.”

“இடிக்கிறது அவங்களுக்குத் தெரியாதா?”

“கண்ணு முன்னாடிதானே சார் இடிக்கிறாங்க.” அவர் குரல் முதல் முறையாகத் தணிகிறது. “இந்தப் பேச்சு பேச எங்களுக்கு வேற யாரு இருக்கா?”