புது டயர் இரண்டும் முன்னால்

அந்தக் காருக்கு இரண்டே கதவுகள். பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் யாராவது வெளியே நின்று முன்சீட்டை மடக்கிவிட வேண்டும். மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால்தான் உட்காருவேன். முன்னால் உட்கார்ந்தால், பிரேக் போடும்போது குழந்தை கண்ணாடியில் போய் மோதிவிடுவாள் என்று பயம். பின்னால் உட்கார்ந்தால், ஏதாவது நடந்தால் நாங்களாக இறங்க முடியாது என்று பயம். இரண்டில் எது சிறிய பயம் என்று தினமும் காலையில் யோசிப்பேன்.

கோயம்புத்தூரில் கார்ப் பந்தயத்துக்குப் போகும் ஒருவரிடமிருந்து கணவர் அதை வாங்கினார். என்ஜினில் டர்போ பொருத்தியிருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, பிறகு விசில் போல ஒரு சத்தம், அடுத்த நொடி யாரோ முதுகில் உதைத்தது போல வண்டி பாயும். அந்த உதைக்காகத்தான் அவர் அதை வாங்கினார். மலைமேல் மிளகு வாங்கி விற்பது அவர் தொழில். எனக்கு அதே மலைமேல் செம்மேட்டில் பள்ளிக்கூட வேலை. மகளுக்கு மூன்று வயது, பள்ளிக்குப் பக்கத்துப் பால்வாடியில் இருப்பாள். அடிவாரத்து வீட்டில் மாமியாரிடம் விட்டுவிட்டு வர முடியாது. "நீ பெத்தது, நீயே கூட்டீட்டுப் போ. என்னால ஓடிப் புடிக்க முடியாது" என்று அத்தை முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே தினமும் மூவரும் அந்தக் காரில் எழுபது வளைவுகள் உள்ள மலைப்பாதையில் ஏறினோம், இறங்கினோம்.

வண்டியோடு வந்தவை பந்தய டயர்கள். விரலால் தடவிப் பார்த்தால் பள்ளம் என்று எதுவுமே தட்டுப்படாது. ஆவணி மழையில் ஒரு வளைவில் வண்டி லேசாக வழுக்கியது. அன்றிலிருந்து டயர் மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு மாதம் கேட்ட பிறகு நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்குப் போனோம். கணவரின் அப்பாவும் வந்தார். மாமா முப்பது வருடம் லாரி வைத்து ஓட்டியவர். டயர் விஷயத்தில் அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்காது.

கடை முழுக்க ஆள் உயரத்துக்கு லாரி டயர்கள். எங்கள் கார்ச் சக்கரத்தின் அளவில் வெளியூரிலிருந்து இரண்டு ரகம் வரவழைத்திருந்தார் கடைக்காரர். ஒன்று அகலமானது, மிருதுவான ரப்பர், கோடுகள் குறைவு. மற்றதில் சுற்றிலும் ஆழமான நாலு பள்ளங்கள். கணவரின் கை முதலாவதன் மேலேயே இருந்தது.

"அது காஞ்ச ரோட்டுல சும்மா ஒட்டிக்கும்ங்க. மழைன்னா சோப்பு மேல நின்ன மாதிரி" என்றார் கடைக்காரர்.

"ஓட்டறவன் கையில இருக்குது" என்றார் கணவர்.

"ஏனுங்க, பள்ளம் இருக்கறதையே எடுத்துக்கலாங்க" என்றேன்.

"அது டாக்ஸிக்குப் போடற டயரு. டர்போ வண்டிக்கு அதைப் போட்டா பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கறவங்க மடியில நம்ம புள்ள இல்லீங்க."

அவர் அந்த அகல டயரிலிருந்து கையை எடுத்தார். ஆனால் நான் கேட்டதில் இரண்டுதான் கைவசம் இருந்தன, மற்ற இரண்டும் வர மூன்று மாதமாகும் என்றார் கடைக்காரர். இரண்டை மட்டும் இப்போது மாட்டிக்கொள்வது என்று முடிவானது. எனக்குப் பாதி வெற்றி என்று நினைத்தேன். எங்கே மாட்டுவது என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"புதுசு ரெண்டும் முன்னாடி போடு" என்றார் மாமா. எங்கள் ஊர்ப் பக்கம் அதில் கேள்விக்கே இடமில்லை. லாரிக்குப் புது டயர் முன்னால், மேலே ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த ரீட்ரேடு பின்னால். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

டயரோடு ஒரு மடித்த தாள் வந்திருந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அதைப் படித்திருந்தேன். இரண்டு மட்டும் மாற்றினால் புதியதைப் பின்சக்கரங்களில் மாட்டவும், ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"மாமா, இதுல பின்னாடி மாட்டச் சொல்லியிருக்குதுங்க."

"எதுல?"

"டயர் கம்பெனிக்காரங்க பேப்பர்லங்க."

"அதை எழுதுனவன் இந்த எழுவது வளைவும் எறங்கிப் பாத்தானாமா?"

கடையில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். "டீச்சரம்மா டயருக்குப் பரீட்சை வெக்கறாங்க" என்று கணவரும் சேர்ந்துகொண்டார்.

மாமாவின் லாரி ஒன்று முன்டயர் வெடித்துப் புளியமரத்தில் மோதியதும், கிளீனருக்கு ஒரு கால் போனதும் எனக்குத் தெரியும். அதைப் பார்த்தவர் சொல்கிறார். நான் காரே ஓட்டத் தெரியாதவள். ஆனால் லாரிக்குப் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டிரண்டு டயர், ஒன்று போனால் ஒன்று தாங்கும், காருக்கு ஒன்றுதானே என்பது அங்கேயே, அப்போதே மனதில் ஓடியது. வாய்வரை வந்தது. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டு, ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது வளைவு என்று பார்க்கவில்லை. கணவர் பிரேக்கைத் தொட்டார், திருப்பினார். முன்சக்கரங்கள் திருப்பிய இடத்துக்கு ஒழுங்காகத் திரும்பின. நாங்கள் இருந்த பின்பக்கம் திரும்பவில்லை. அது தன் பாட்டுக்கு வெளியே போனது. மலை, ரோடு, மறுபடி மலை என்று கண்ணாடியில் ஓடி, வண்டி வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் தடுப்புச் சுவரில் மோதிய சத்தம் என் முதுகுக்குள் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் மரங்களின் உச்சிகள்.

மகளின் பிஸ்கட் கீழே விழுந்திருந்தது. "இன்னொருக்கா சுத்து" என்றாள்.

"சீட்டை மடக்குங்க" என்றேன்.

"இரு, ஒண்ணும் ஆவல. எவனோ ரோட்டுல டீசலை ஊத்தியிருக்கான்."

"சீட்டை மடக்குங்க."

மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் இறங்கி மடக்கினார். ரோட்டில் டீசல் இல்லை. வெறும் தண்ணீர். பின்னாலேயே இறங்கிவந்த பஸ் நின்றுவிட்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏனுங்க, ரிவர்ஸ்லயே ஊருக்குப் போறீங்களா? எங்களுக்குக் கொஞ்சம் வழி உடுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பஸ்ஸில் ஏறினேன். கணவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் மாமா வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "முன்னாடி புது டயரு இருந்ததாலதான் தப்பிச்சீங்க" என்றார். பஸ்ஸில் வந்து ஊருக்கே தெரியும்படி செய்துவிட்டேன் என்று அத்தைக்குக் கோபம்.

"புதுசைப் பின்னாடி மாத்தற வரைக்கும் புள்ள அந்த வண்டில ஏறமாட்டா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போல இருந்தது.

"அப்ப பஸ்ஸுலயே போ" என்றார் கணவர்.

போனேன். மகள் பாதி வளைவுகளில் வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழம், பை, துண்டு எல்லாம் தூக்கிக்கொண்டு நின்றபடி ஏறினேன். வீம்புக்காகக் குழந்தையை வதைக்கிறேனோ என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். பஸ்ஸில் ஏறும் முன் குனிந்து பின்டயரைப் பார்ப்பேன். அதுவும் மொட்டைதான். "டயரைப் பாத்துட்டு ஏறுற மொத ஆளு நீங்கதானுங்க, அம்மிணி" என்பார் கண்டக்டர். "நல்லா இல்லீன்னா எறங்கிக்குவீங்களா?"

கார்த்திகையில் ஒரு காலை, வளைவில் எங்கள் கார் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. கணவர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். பஸ் மெதுவாகக் கடந்தபோது நான் சக்கரத்தைப் பார்த்தேன். ஆழமான நாலு பள்ளங்களும் பின்னால் இருந்தன. முன்னால் மொழுமொழுவென்ற பழைய டயர்.

எப்போது மாற்றினார் என்று தெரியாது. வீட்டில் சொல்லவில்லை. அன்று சாப்பிடும்போதுகூட மாமா முன்டயரைப் பற்றியே பேசினார், கணவர் தலையாட்டினார். நான் சொன்னதுதான் நடந்திருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரும் பயந்திருப்பார், அப்பாவுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள முடியாமல் செய்திருப்பார் என்றெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என் மனம் ஒன்றையே பிடித்துக்கொண்டு விடவில்லை. நாங்கள் மூவரும் போனபோது முன்னால் இருந்த புது டயர்கள், அவர் மட்டும் போகும்போது பின்னால் போயிருக்கின்றன.

மறுநாள் காலையில் அவர் வெளியே நின்று முன்சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மகளையும் அவளுடைய வாந்திப் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.