திட்டாமல் கொடுத்த தேத்தண்ணி

என் நாத்தனாரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருப்பவள். அவளுடைய தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, ஈரலில் புற்று முற்றிவிட்டது என்று டாக்டர் என்னிடமும் அவளிடமும் சொன்னதிலிருந்து, தினமும் காலையில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனில் எங்கள் பிளாட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் வராததுமாக ஒரு சட்டம் போட்டாள்.

"அவனுக்கு ஒன்னும் தெரியக்கூடாது. ஈரல் வீங்கியிருக்குன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சா அன்னிக்கே உடைஞ்சு போயிடுவான்லா."

 அவராகக் கேட்கவில்லை; நானாகச் சொல்லவும் இல்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருஷம். புக்கிட் தெங்கா பேக்டரியில் வேலை செய்த காலத்தில், கேன்டீனில் பாகாக இனிக்கும் டின் பால் ஊற்றிய தேத்தண்ணியைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு வருவார். மீசையே காட்டிக்கொடுத்துவிடும். "நாளைக்கு கால வெட்டி எடுத்தா நானா தூக்கிட்டுத் திரியறது?" என்று நான் கத்துகிற கத்தலில் அடுத்த வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துவாள். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது. கொஞ்சல் குலாவல் எல்லாம் எங்களுக்கு வராது.

கடைசிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸி ஒருநாள் என்னையும் நாத்தனாரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, அவருக்கு சாப்பாடே எறங்கல. இனிமே இன்சுலின் போட்டா சர்க்கரை ரொம்பக் கீழ போயிடும், அதுதான் ஆபத்து. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. தினம் விரல் குத்தவும் வேணாம். ரொம்பத் தாகம், அடிக்கடி ஒன்னுக்குப் போறதுன்னு தொந்தரவு இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க. மத்தபடி வாய்க்குப் புடிச்சதக் கொடுங்க."

நாத்தனார் கேட்டாளா? "நிறுத்துனா அவனுக்குப் புரிஞ்சிடும்" என்று தன் பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் சொந்த மிஷினை எடுத்து அவளே குத்த ஆரம்பித்தாள். தோலும் எலும்புமாகிவிட்ட விரல். ரத்தம் வராவிட்டால் பிதுக்குவாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"சர்க்கரை பதினாலுக்கு ஏறிடுச்சு!" என்று ஒருநாள் கூவினாள். "ஊசியப் போடு."

"போட மாட்டேன்."

"அப்ப நான் போடுறேன்."

மிச்ச இன்சுலின் இருந்த பிரிட்ஜைத் திறக்கப் போனாள். குறுக்கே போய் நின்றேன். அவள் கையிலிருந்த மிஷினைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். போட்ட கையோடு அடுப்பில் தண்ணீர் வைத்தேன். தேத்தூள் கொதித்ததும் டின் பாலைத் தாராளமாக ஊற்றினேன்.

"என் தம்பிக்கு இப்பவே பால் ஊத்தப் பாக்குறியாடி?"

"ஆமா, பாலத்தான் ஊத்துறேன். வழிய விடுங்க."

அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து கிளாஸை வாயருகே பிடித்தேன். ஒரு மடக்கு குடித்தார். அப்புறம் என்னையே பார்த்தார்.

"டின் பாலா?"

"ஆமா."

"நீயா போட்ட?"

"ஆமா."

"அப்ப எனக்கு முடிஞ்சிருச்சு, இல்ல?"

"சீச்சீ, வெறும் வீக்கம்தான்டா!" என்று அறை வாசலிலிருந்து ஓடிவந்தாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு அக்கா," என்றார். பிறகு என்னிடம், "நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்ட."

"ஆமாங்க," என்றேன்.

"பாவி!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் உடைந்துபோகவில்லை. அழக்கூட இல்லை.

"தெரியும். கொஞ்ச நாளா நீ என்னைத் திட்டவே இல்லியே," என்றார். கிளாஸைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "திட்டாம குடிச்சா ருசியே இல்லலா. திட்டேன்டி."

 திட்டினேன். "அறிவிருக்கா உங்களுக்கு? இவ்ளோ சர்க்கரைய வச்சுக்கிட்டு டின் பால் கேக்குதா? எத்தன தடவ சொல்றது? யார் பேச்சக் கேட்டீங்க நீங்க? இப்ப என்னத் தனியா விட்டுட்டுப் போறீங்களே, வெக்கமா இல்ல?"

அடுத்த வீட்டுக்காரி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். அவர் சிரித்தபடியே இன்னொரு மடக்குக்கு வாயைத் திறந்தார்.