அரை பவுண்டு தேயிலை டப்பா

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட கை இது. பிறகு நாற்பது வருஷமாகக் கயிற்றுக் கிடங்கில் வடம் சுருட்டியே காய்த்துப்போனது. சின்ன ‘ர’ வர வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ வந்து உட்கார்ந்திருக்கும். ஒற்றெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அச்சுக் கோக்கிறவர் தயவுசெய்து திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் சொல்லியிருப்பதை மாற்ற வேண்டாம்.

காஸ்டிக் சோடா ஈரக் கையில் பட்டால் முதலில் எரியாது, வழுக்கும். விரலோடு விரல் தேய்த்தால் விளக்கெண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று ஓடும். அது எண்ணெய் அல்ல, நம் தோலே கரைந்து வழுக்குகிறது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். அந்த வழுக்கலை என் சுட்டுவிரல் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். ராயபுரத்தில் ரயில் பாதை ஓரத்துச் சந்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். ஒரு நாள் கப்பலிலிருந்து இறக்கும்போது இரும்புப் பீப்பாய் ஒன்று விழுந்து உடைந்து, வெள்ளைச் செதில் செதிலாகக் காஸ்டிக் தரையில் கொட்டிவிட்டதாம். கூட்டி எடுத்ததை மேஸ்திரி ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோகச் சொல்ல, அப்பா ஒரு கிரசின் டின்னின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு வாங்கி வந்து, மூடியை இறுக்கி, ‘இத்த எவனும் தொடக்கூடாது’ என்று பரண்மேல் வைத்தார்.

அம்மாவுக்கும் அடுத்த வீட்டு ரோசம்மா அத்தைக்கும் அதைப் பார்த்ததும் ஒரே ஆசை, வீட்டிலேயே ‘சவுக்காரம்’, துணி சோப்பு, காய்ச்ச வேண்டும் என்று. ரோசம்மா அத்தை எங்களுக்கு உறவில்லை. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் நான் பிறந்ததிலிருந்து அவர்கள்தான் எனக்கு அத்தை. அத்தையின் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போய்ச் சண்டைக் காலத்தில் திரும்பாமல் போய்விட்டார். அத்தை தினமும் கரையில் உட்கார்ந்து இறால் உரித்து ஒரே மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மகள் பிலோமினா அக்கா அப்போது ஆறாம் பாரம், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. எங்கள் சந்தில் ஆண்பிள்ளைகளே அவ்வளவு தூரம் போனதில்லை. ‘பொட்டப் பொண்ணு படிச்சு கவர்னரு ஆவப்போவுதா’ என்று கேட்டவர்களிடமெல்லாம் அத்தை, ‘கவர்னரு ஆனா ஒன்னிய கூப்புட்டு டீ குடுப்பா, போ’ என்று சொல்லிவிட்டு இறாலைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள்.

சவுக்காரத்துக்குக் கணக்குப் போட்டுத் தந்தது பிலோமினா அக்காதான். பள்ளிக்கூடத்து ரசாயன நோட்டில் ஆறு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு காஸ்டிக் என்று இருந்ததாம். அந்த நோட்டில் எல்லாம் கிராம். துறைமுகத்தில் எல்லாம் பவுண்டு. எண்ணெய் மண்டியில் வீசை, பலம். அரிசிக்கும் தண்ணீருக்கும் படி, ஆழாக்கு. ஒன்றை ஒன்றாக மாற்றத் தெரியாதவன் அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு காரியமும் செய்ய முடியாது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, எண்ணெய் ஆறு பவுண்டு என்றால் இரண்டு வீசை, காஸ்டிக் ஒரு பவுண்டு என்றால் பதின்மூன்று பலம், தண்ணீர் ஆறு ஆழாக்கு என்று துண்டுக் காகிதத்தில் எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். வாய்ப்பாட்டில் எங்கள் ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதல். பேசத்தான் கூச்சம், பதினாறு அவுன்சு ஒரு பவுண்டு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

‘ஏழுமல, இத்த நல்லா கேட்டுக்க’ என்றார் அக்கா. ‘காஸ்டிக்க நிறுத்துத்தான் போடணும். அளந்து போடக்கூடாது. எங்க இஸ்கூல்ல எடைக்கல்ல வெரலால கூட தொட வுடமாட்டாங்க, இடுக்கியாலதான் எடுக்கணும். வேர்வ பட்டா அதுக்குக்கூட எட ஏறுமாம்.’

நிறுக்கத்தான் இடமில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ‘பருப்பு நிறுக்க தட்டுல வெசத்தக் கொட்டவால? போல அந்தால’ என்று விரட்டிவிட்டார். கொருக்குப்பேட்டைப் பக்கம் விறகு விற்கும் தொட்டியில் பெரிய இரும்புத் தராசு உண்டு, அங்கே போய்ப் பதின்மூன்று பலம் நிறுத்துக்கொண்டு வா என்று அம்மா ஒரு மண்சட்டியையும் கிரசின் டின்னையும் கொடுத்து, கையால் தொடாமல் அள்ளுவதற்கு ஒரு தேயிலை டப்பாவையும் கொடுத்து அனுப்பினாள். கப்பல் சமையல்காரர் ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்த பச்சை நிற டப்பா அது.

விறகுத் தொட்டி வரைக்கும் போனேன். வாசலில் ஏழெட்டு ஆட்கள் வண்டிக்குக் காத்துக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்து, ‘இன்னா மாமு, சட்டி தூக்கிகினு பிச்சைக்கு வந்துகிறியா?’ என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். அதில் கெட்ட வார்த்தைகூட இல்லை. அதற்கு நான் சிரித்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். எந்தப் பையனும் போயிருப்பான். எனக்குக் காது இரண்டும் சூடாகி, கால் தானாகத் திரும்பிவிட்டது.

கூட்ஸ் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு மதில் உண்டு. அதன் பின்னால் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் அரை பவுண்டு என்று அச்சடித்திருந்ததைப் படித்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், யாரோ எனக்காகவே அதை எழுதி வைத்ததுபோல் இருந்தது. அரை பவுண்டு டப்பா இரண்டு போட்டால் ஒரு பவுண்டு; ஒரு பவுண்டு என்றால் பதின்மூன்று பலம். தராசு எதற்கு? அந்த டப்பா பிடித்தது அரை பவுண்டு தேயிலை என்பதும், தேயிலை லேசு, காஸ்டிக் கனம் என்பதும் என் வாய்ப்பாட்டில் இல்லை. தலை தட்டி இரண்டு டப்பா சட்டியில் போட்டேன். செதிலை ஒதுக்கிய சுட்டுவிரல் வேர்வையில் வழுக்கியது, மண்ணில் தேய்த்துக்கொண்டேன். போய்வரும் நேரம் ஆகட்டும் என்று கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

‘நிறுத்துகினியாடா?’ என்று அம்மா கேட்டாள்.

‘ஆமாம்மா.’

‘பாத்தியா ரோசம்மா, எம் புள்ளய அனுப்பிச்சா ஒரு பேஜாரும் இல்ல’ என்றாள் அம்மா.

தண்ணீரில் காஸ்டிக்கைப் போட்டதும் சட்டி பிடிக்க முடியாதபடி கொதித்தது. எண்ணெயில் ஊற்றிக் கிளறினார்கள், கிளறும்போதே இறுகிவிட்டது. மறுநாள் கம்பியால் அறுத்தபோது ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. சவுக்காரம் என்றால் வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும் என்று பெண்கள் இரண்டு பேரும் பெருமைப்பட்டார்கள். கரைக்குப் போய்வந்தால் கையில் இறால் நாற்றம் போகாது என்பதால் முதல் கட்டி ரோசம்மா அத்தைக்கு.

இறால் உரிக்கிறவர்கள் கையைப் பார்த்திருப்பீர்களோ என்னவோ. ஓடு குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறலாக இருக்கும். அத்தை அந்தக் கையோடு துணியெல்லாம் துவைத்து, நாற்றம் போக முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார்கள். ‘நல்லா வழுக்குதுடீ’ என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சாயங்காலம் கத்த ஆரம்பித்தார்கள். மறுநாள் உள்ளங்கைத் தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது. தர்மாஸ்பத்திரியில் இரண்டு கையையும் பஞ்சு வைத்துக் கட்டி, இரண்டு மாசத்துக்குத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிலோமினா அக்கா நேராக என்னிடம்தான் வந்தார்.

‘ஏழுமல, நிறுத்துத்தான போட்ட?’

‘நிறுத்தேங்க்கா.’

‘எங்க?’

‘வெறகுத் தொட்டிலதான்.’

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, ‘இவன்தான் இன்னாவோ பண்ணிகிறான்’ என்றதற்கு, ‘அவன் பொய் சொல்ற புள்ள இல்ல’ என்று அக்காவே எனக்குப் பரிந்து பேசினார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

அத்தைக்குப் பதிலாக மறுநாளிலிருந்து அக்கா கரைக்குப் போனார், இறால் உரிக்க. பள்ளிக்கூடத்தில் சர்க்கார் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. சந்தில் எல்லாரும் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ‘பிலோமினா சவுக்காரமா? அழுக்கு மட்டுமா போவும், தோலும் சேந்து போவும்’ என்று குழாயடியில் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ‘எனுக்கு இன்னா தெரியும், படிச்சவ எழுதிக் குடுத்தா’ என்று மட்டும் சொன்னார்கள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

அது வரைக்கும் டப்பாவில் தப்பு இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நாலைந்து நாள் கழித்து அம்மா அதே டப்பாவைக் கழுவிக் கொடுத்து நாட்டுச் சர்க்கரை வாங்கி வரச் சொன்னாள். அண்ணாச்சி நிறுத்து டப்பாவில் கொட்டி, விளிம்பைத் தட்டி, ‘பதினாலு பலம் கனகச்சிதமா புடிச்சிருக்கு பாத்தியால’ என்றார். அரை பவுண்டு என்றால் ஆறரை பலம். அரை பவுண்டு டப்பாவுக்குள் பதினாலு பலம். அந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

டப்பாவோடு நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். அக்கா தலைவாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ரசாயன நோட்டை விரித்து வைத்திருந்தார். விரலெல்லாம் இறால் ஓட்டுக் கீறல். கிராமை அவுன்சாக்கி, அவுன்சைப் பவுண்டாக்கி, பவுண்டைப் பலமாக்கி, மறுபடியும் பலத்திலிருந்து திரும்பிக் கிராமுக்கு வந்து, பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் பதின்மூன்றுதான் வந்திருந்தது.

‘எங்க தப்பு பண்ணேன்னே தெரில ஏழுமல’ என்றார். ‘எத்தினி தபா போட்டாலும் சரியாத்தான் வருது. அப்ப எனுக்கு மாத்தவே தெரியலன்னுதான அர்த்தம்? இத்த வச்சிகினு இன்னா பரீட்ச எழுதறது?’

என் கையில் டப்பா இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஓடினேன்.

பெயர் கொடுக்கும் நாள் போயிற்று. அத்தையின் கை ஆறியது, ஆனால் விரல்கள் முன்போல மடங்கவில்லை. அக்கா கரை வேலையிலேயே தங்கிவிட்டார். நானும் அந்த வருஷம் முதல் பாரத்துக்குப் போகவில்லை. படிப்பு ஏறவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்து யாரும் என்னை நல்லவனாக்க வேண்டாம். மேல்வகுப்பில் எடையும் அளவும் நடத்தும்போது வாத்தியார் என்னை எழுப்பிவிடுவாரோ என்ற பயம்தான்.

இப்போது பவுண்டும் பலமும் இல்லை. வீசை என்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எல்லாம் கிலோ, லிட்டர். பத்துப் பத்தாகப் போகிறது, யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எங்கள் சந்து இருந்த இடத்தில் பெட்டி லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அண்ணாச்சி கடை இல்லை. விறகுத் தொட்டி இல்லை. அத்தை போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது; குழி மண் போடும்போதுகூட நான் சொல்லவில்லை.

இது வரைக்கும் எழுதிப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அக்காவிடம் சொல்லாமல் ஊருக்குச் சொல்வது இன்னொரு திருட்டுத்தனம் என்று தோன்றியதால் தேதி போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை திருவொற்றியூருக்குப் போனேன். அக்கா, தனக்குத் தங்கை மகன் முறையாகும் ஒரு பையனின் வீட்டில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ‘வா ஏழுமல, ஒக்காரு’ என்றார். நான் உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா, ‘தல தட்டியா போட்ட, கோபுரமாவா?’ என்று கேட்டார்.

‘தல தட்டித்தாங்க்கா.’

கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ‘சர்க்கரையே பதினாலுன்னா காஸ்டிக்கு பதினஞ்சுக்குக் கொறையாது. ரெண்டு டப்பா, முப்பது பலம்’ என்றார். ‘அப்ப நான் போட்டது சரி.’

என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

‘அம்மா சாவற வரிக்கும் என் கையால சோறு வாங்கித் துன்னுச்சு. ஆனா என்னாண்ட ஒரு தபா கூட ஒரு கணக்கு கேக்கல. மீனு விக்கப் போனாலும் பக்கத்துல கீறவள எண்ணச் சொல்லும்’ என்றார் அக்கா. ‘அம்மாவாண்ட இப்ப யாரு போயி சொல்றது? நீ போறியா?’

அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், சத்தம் வராமல், மெதுவாக.

ஐப்பசி மாதம் ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.