கருப்பட்டிக்கு அடங்காத இருமல்

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையின் தொழிலாளர் நல அதிகாரியாக, ஓய்வுபெறும்வரை நான் பணியாற்றினேன். பாளையங்கோட்டையில் முதுகலை பயின்றவன்; எங்கள் திருச்சபையின் செயலாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. என் கையெழுத்தின்றி ஆலையில் எவரும் ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு மாற்றப்பட்டதில்லை.

பஞ்சு பறக்கும் இடத்தில் இருமல் ஒரு செய்தியன்று. இடைவேளையில் ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். தொண்டையில் படிந்த பஞ்சை அது இறக்கிவிடும் என்பது ஆலையின் நம்பிக்கை. என் மேசை இழுப்பறையிலும் ஒரு பொட்டலம் உண்டு.

நூலைக் கோன்களில் சுற்றும் பிரிவுக்குப் புதூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண், அப்படித்தான் மாதக்கணக்கில் கருப்பட்டி தின்றார். ஒருநாள் சளியில் இரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கி, சில வாரங்களுக்குப் பின், இனிப் பிறருக்குத் தொற்றாது, வேலை செய்யலாம் என்ற சான்றுடன் திரும்பினார். கணவரை இழந்தவர். அவர் வேலைக்கு வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

ஆனால், பிரிவில் ஒருவரும் இயந்திரத்தைத் தொடவில்லை. என்னை அழைத்தார்கள்.

"ஏட்டி, நீ கழிவுப்பஞ்சு குடோனுக்குப் போ. எனக்குப் பிள்ளைய இருக்கு" என்று பக்கத்து இயந்திரத்துப் பெண் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குடோன் தூசியில் நலமுள்ளவர்களே நீடித்ததில்லை.

"எனக்குந்தான் இருக்கு மதினி. அதான் மாத்திரை முழுங்குதேன்."

"மாத்திரை நீ முழுங்குத. நீ விடுத காத்துக்கு யாருட்டி மாத்திரை குடுப்பா?"

சிரித்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். என் ஒரு சொல்லில் அவர் பிழைப்பு இருந்தது. கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஐயாவும் கோடையிலருந்து இருமுதாவ. கருப்பட்டிக்கு நிக்கல. அவியளை எந்தக் குடோனுக்கு அனுப்பப் போறிய?"

சிரிப்பு நின்றது. அவர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"சளியக் குடுத்துப் பாத்துருங்க ஐயா. நானும் பஞ்சுன்னுதான் இருந்தேன்."

சங்கத் தலைவர்கள் என் முன் மேசையைத் தட்டிப் பேசியதுண்டு. தம் பிழைப்பைக் கையில் வைத்திருப்பவனின் உயிருக்காக, அந்தப் பிழைப்பையே பணயம் வைத்துப் பேசிய ஒருவரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"சான்று இருக்கிறது. இவர் இங்கேயே நிற்பார்" என்றேன். அதைச் சொல்லி முடிக்கும்வரை இருமலை அடக்க வேண்டியிருந்தது.

பரிசோதனையில் எனக்கும் அதே நோய். விடுப்பில் வீட்டிலிருந்து, அதே மாத்திரைகளை விழுங்கினேன். முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாயிற்று, அஞ்சினேன்; அது மாத்திரையின் நிறம்தான் என்றார்கள். பிறகு இரவு வியர்வை நின்றது, பசி திரும்பியது. மூச்சிரைக்காமல் ரயில் நிலையம்வரை நடந்த காலையில், இது என் உடல்தானா என்று வியந்து நின்றேன். என் விடுப்பு முழுவதும் அந்தப் பெண் தம் இயந்திரத்தில்தான் நின்றார். பக்கத்து இயந்திரத்துப் பெண்ணும் பரிசோதித்துக்கொண்டு, நோயில்லை என்று வந்தார்.

எனக்கும் நோய் என்று தெரிந்த பிறகே அந்தச் சான்றுடன் வந்தவரை மீண்டும் வேலையில் சேர்த்தேன் என்று சிலர் சொல்லி வருகிறார்கள். அது தவறு. அவர் இயந்திரத்தில் நின்றது திங்கட்கிழமை. நான் சளி கொடுத்தது செவ்வாய்க்கிழமை.