வைரக்காரியின் இரண்டு சல்லடைகள்

வைரக்காரியிடம் குந்துமணி அளவு வைரம்கூடக் கிடையாது. காதில் கிடந்தது கண்ணாடிக்கல் தோடு. கட்டடங்களுக்கு வரும் மணலைச் சோதிக்கும் கூடத்தில் பத்தொன்பது வருடமாகச் சல்லடை ஆட்டுகிறவள் அவள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பித்தளைச் சல்லடைகளில் மணலைக் கொட்டிக் குலுக்கி, எந்தத் தட்டில் எவ்வளவு தங்கியது என்று எழுத வேண்டும். மணல் தேறாது என்று அவள் எழுதிவிட்டால், கட்டடக்காரர் தலைகீழாக நின்றாலும் எழுத்து மாறாது.

இப்பேர்ப்பட்டவள்தான் ஆறு வருடத்துக்கு முன் வைரத்தில் போய் விழுந்தாள். எங்கோ பனி மூடிய நிலத்தில் வைரம் தேடும் குட்டிக் கம்பெனி ஒன்று. சுரங்கம் கிடையாது, விற்க ஒரு கல் கிடையாது. துளை போடும் இயந்திரம் இரண்டும் ஏகப்பட்ட நம்பிக்கையும்தான் சொத்து. ஆனால் தோண்டிய பாறையை இடித்து, சல்லடையில் சலித்து, கற்களை எண்ணுகிறார்கள் என்று அறிக்கையில் படித்ததும், 'அட, நம்ம ஆளுங்க!' என்று அவளுக்கு ஒட்டிக்கொண்டது. போனஸ் வரும்போதெல்லாம் கொஞ்சம் பங்கு வாங்கினாள். அறிக்கைகளைத் தொடர்கதை மாதிரிப் படித்தாள்.

வீட்டில் விடுவார்களா? வைரக்காரி என்று பெயர் வைத்ததே அக்காவின் வீட்டுக்காரரான மாமாதான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, "கல்லு வந்தாச்சாம்மா?" என்பார். சிரித்துச் சமாளிப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஒருநாள் காலையில் அறிவிப்பு வந்தது: போன வருடம் சோதித்த அதே எடைப் பாறையில் இந்த முறை மூன்று மடங்கு கற்கள். மதியத்துக்குள் பங்கின் விலை இரண்டு மடங்கு. போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்த மாமா போனில் கூப்பிட்டார்.

"உன்னைக் கிண்டல் பண்ண வாயைக் கழுவிக்கிறேம்மா. ரிடையர்மென்ட் பணம் மொத்தத்தையும் நாளைக்கு இதுல போட்டுடறேன்."

ஆறு வருடம் காத்திருந்த வார்த்தை. அவளுக்குக் கால் தரையில் படவில்லை. அந்தச் சந்தோஷத்தை நிதானமாக ருசிக்கலாமென்று, டீ நேரத்தில் முழு அறிக்கையையும் திறந்தாள். பதினான்காம் பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி. போன வருடம் கடைசிச் சல்லடையின் கண் முந்நூறு மைக்ரான். இந்த வருடம் நூற்றைம்பது.

அந்த இரண்டு சல்லடையும் அவள் அலமாரியிலேயே இருக்கின்றன. சல்லடைக் கண்ணைப் பாதியாக்கினால், முன்பு தூசி என்று கழித்துவிட்டதெல்லாம் இப்போது கல் என்று கணக்கில் சேரும். பொய் இல்லை, எழுதித்தான் இருக்கிறார்கள். படிக்கத்தான் ஆளில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. சொன்னால் தன் ஆறு வருடத்தைத் தானே கேலிக்குக் கொடுப்பது போல. நானாக இருந்தால் இரண்டு நாளாவது அந்தப் புகழில் குளித்திருப்பேன். அவள் உடனே பங்குதாரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பக்க எண்ணோடு எழுதிப் போட்டாள். "விலையை இறக்கப் பாக்குது இந்தம்மா" என்று பாய்ந்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டு, மாமாவைச் சாயங்காலம் கூடத்துக்கு வரவழைத்தாள்.

ஒரு கிண்ணம் மணலைச் சலித்தாள். முந்நூறில் தங்கியதைக் காட்டினாள். கீழே நூற்றைம்பதில் தங்கியதையும் காட்டினாள்.

"மணல் அதேதான் மாமா. கீழே ஒரு சல்லடை கூடியிருக்கு, அவ்வளவுதான். தயவுசெஞ்சு பணத்தைப் போடாதீங்க."

"நீ மட்டும் வெச்சுக்குவே, நான் வாங்கக் கூடாதா?"

அவள் போனை எடுத்து, தன் பங்குகள் அத்தனையையும் அவர் கண்ணெதிரே விற்றாள்.

அவர் பணம் போடவில்லை. ஆனால் விலை அதன்பிறகும் மூன்று வாரம் ஏறிக்கொண்டே போனது. மாமா அவளோடு பேச்சை நிறுத்தினார். "அவ பேச்சைக் கேட்டு நாசமாப் போனேன்" என்று அக்காவிடம் பொருமினார். வைரக்காரி அந்த நாட்களில் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. அவளுக்கும் சந்தேகம் வந்தது. தினமும் அந்தப் பதினான்காம் பக்கத்தைத் திரும்பப் படித்தாள்.

நான்காவது வாரம், டன் கணக்கில் பாறையை இடித்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு வந்தது. விற்கிற அளவுக் கற்கள் கைவிரல் எண்ணிக்கைதான். விலை கால்வாசிக்கு விழுந்தது.

இரண்டு நாள் கழித்து மாமா கூடத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து புது அறிக்கையை எடுத்தார். ஒரு வரிக்குக் கீழே பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தது.

"சல்லடை சைஸ் போட்டிருக்கான், பாத்தேன்."

"நான் இன்னைக்குக் காலையில நூறு பங்கு திரும்ப வாங்கினேன் மாமா."

"பைத்தியமா உனக்கு?"

"அங்க கல்லு இருக்கு. கொஞ்சமாத்தான் இருக்கு. இப்பதான் விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கு."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். ஸ்டூலைச் சல்லடைகளின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை சலிச்சுக் காட்டும்மா. அன்னைக்கு நான் மணலையே பாக்கலை. பொறாமையில சொல்றியான்னு உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் கிண்ணத்தில் மணலை அள்ளினாள்.