நீலப் பல் பதின்மூன்று செட்

பல்லக்கா என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தது லேபில் கூட வேலை செய்தவர்கள்தான். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்வது அவள் தொழில். முப்பத்திரண்டு வருஷமாக அதையே செய்கிறாள். எதிரே ஒருவர் சிரித்தால் மற்றவர்கள் பதிலுக்குச் சிரிப்பார்கள். அவளுக்கு முதலில், மேல்வரிசையில் எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்று கண் ஓடும். பிறகுதான் சிரிப்பாள்.

அவளுடைய பற்கள் பழுப்பு. பிறந்த ஊரின் கிணற்றுத் தண்ணீர் அப்படி. அங்கே வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் பல்லில் பழுப்புக் கோடு விழாமல் இருந்ததில்லை. எல்லோருக்கும் இருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை. நகரத்துக்குப் படிக்க வந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பக்கத்து பெஞ்சுக்காரி, "உங்க வீட்ல பிரஷ் வாங்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போயிற்று.

லேபில் சேர்ந்தபோது முதலாளியான டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். "ஆறு மாசம் நல்லா வேலை கத்துக்கங்க. உங்க முன்பல் எட்டுக்கும் நாமளே உறை செஞ்சு மாட்டிடலாம். காசெல்லாம் வேணாம்" என்றார். அவள் நாட்களை எண்ண ஆரம்பித்தாள்.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. அக்ரிலிக் பல் செட்டை அச்சோடு வெந்நீரில் வேக வைக்க வேண்டும். வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். அடுப்பை விட்டு நகரவும் முடியாது, வேறு வேலை செய்யவும் முடியாது. புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் அந்தக் காவல் அவள் தலையில் விழுந்தது. பொழுது போகாமல், வரவேற்பறை அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்த எழுநூறு பக்க நாவலை எடுத்து வந்தாள். பெயர் 'உவர்க்கோள்'. வானிலை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஒரு அம்மா எழுதியது. அவர் எழுதியதே அது ஒன்றுதான்.

கதை இதுதான். பூமியிலிருந்து போன ஒரு கூட்டம் உப்புத் தரையாகக் கிடக்கும் ஒரு கோளில் குடியேறுகிறது. அங்கே தோண்டிக் கிடைக்கும் தண்ணீரில் ஏதோ தாது. அதைக் குடித்து வளர்கிறவர்களுக்குப் பல் நீலமாகிவிடும். மூன்று தலைமுறை கழித்து பூமியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். நீலப் பல்லைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். குடியேறியவர்கள் வாயைத் திறக்காமல் பேசவும் உதட்டை மூடிச் சிரிக்கவும் பழகுகிறார்கள். கடைசியில் கிணறு தோண்டும் பெண் ஒருத்தி, அறுபத்தோராம் அத்தியாயத்தில், தான் தோண்டிய கிணற்றடியில் நின்று ஓர் அதிகாரியின் முகத்துக்கு நேரே வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவ்வளவுதான். சண்டை கிடையாது, குண்டு கிடையாது. அந்தச் சிரிப்போடு அதிகாரிகளின் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அறுபத்தோராம் அத்தியாயம் படித்த அன்று பல் செட் ஒன்று அதிகமாக வெந்து வீணாயிற்று. டாக்டரிடம் திட்டு வாங்கப் போன இடத்தில், "இன்னொரு விஷயம் டாக்டர். எனக்கு உறை வேணாம்" என்றாள்.

"ஏன், வலிக்கும்னு பயமா?"

"இல்ல. இதுவே இருக்கட்டும்."

கை வாய்க்குப் போவது உடனே நின்றுவிடவில்லை. ஒரு வருஷம் பிடித்தது. ஆனால் நின்றது.

அவளைக் கல்யாணம் செய்துகொண்ட பஸ் டிரைவர் புத்தகம் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். பெண் பார்க்க வந்தபோது அவள் வாய் நிறையச் சிரித்ததைப் பார்த்துத்தான் சம்மதித்தேன் என்று சொல்லிக்கொள்வார். இருபத்தாறு வருஷமாக 'உவர்க்கோள்' கதையை அவருக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வருகிறாள். அவர் வெங்காயம் நறுக்குவார், இவள் சொல்வாள். அவர் துணி மடிப்பார், இவள் சொல்வாள். "நீ சொல்றதே போதும். எழுநூறு பக்கத்தை யாரு தூக்குறது" என்பார்.

தூக்கியவர்கள் ஊரில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தையல் கடையின் மாடியில் கூடுவார்கள். கடைக்காரத் தையலம்மா, தபால்காரர், கெமிஸ்ட்ரி டீச்சர், அப்புறம் மற்றவர்கள். ஒரே புத்தகத்தைப் பற்றி ஒன்பது வருஷமாக என்ன பேசுகிறார்கள் என்று வெளியாளுக்குப் புரியாது. ஒரு தடவை கிணற்றின் ஆழம் எண்பது அடியா தொண்ணூறு அடியா என்று ஆரம்பித்து, இரண்டு பேர் நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் 'உவர்க்கோள்' படமாகப் போகிறது என்று செய்தி வந்தது. மாடியே குதித்தது. பிறகு டைரக்டர் மாறினார். இரண்டு வருஷம் சத்தமில்லை. இன்னொரு டைரக்டர் வந்தார், அவரும் போனார். மூன்றாமவர் வந்தார்; செலவாகும் தொகையும் பேப்பரில் வந்தது. "இந்தக் காசுக்கு நெசமாவே ஒரு கோளுக்குப் போய்ப் படம் புடிச்சிட்டு வந்துடலாமே" என்றார் தபால்காரர். தையலம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை குறையவில்லை. "பெரிய கம்பெனி. நல்லாத்தான் எடுப்பாங்க." டீச்சர் அதை வெட்டிப் போட்டார். "பெரிய கம்பெனிதான் கெடுக்கும். கெடுக்குறதுக்கும் காசு வேணும்ல."

பல்லக்கா இரண்டு பக்கமும் சாயவில்லை. வெளியே கேட்டால், "வரட்டும், பாப்போம்" என்பாள். உள்ளுக்குள் ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: பல்லை என்ன செய்வார்கள்?

டிரைலர் வந்த அன்று பன்னிரண்டு பேரும் தையல் கடை மாடியில் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். உப்பு வெளி வந்தது. கப்பல் இறங்கியது. கிணறு தோண்டுகிற பெண்ணாக நடித்தவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பற்கள் முத்துப் போல வெள்ளை.

பல்லக்கா போனை வாங்கி அந்த இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "எட்டுப் பல்லு உறை. நல்ல லேப்ல செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான் சொன்னேனே. அழகா காட்டணுமாம். நீலப் பல்லு இல்லாம கதையே இல்லைன்னு கூடவா தெரியாது? நான் போக மாட்டேன்." இன்னும் நாலு பேர் போக மாட்டோம் என்றார்கள். தையலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போவோம்" என்றாள் பல்லக்கா. "முதல் காட்சிக்கே போவோம். அந்தப் பொண்ணு வெள்ளைப் பல்லைக் காட்டுற நேரம் நாம எழுந்து நின்னு நம்ம பல்லைக் காட்டுவோம்."

"நம்ம பல்லா?"

"நான் செஞ்சு தர்றேன்."

அடுத்த வாரமே வேலை ஆரம்பித்தது. டாக்டரிடம் நேராகவே கேட்டாள். அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "நீல நிறத்துல பல்லு. பன்னிரண்டு பேருக்கு. எதுக்குன்னு கேட்டா ஒரு சினிமாவுக்குங்கிறீங்க."

"ஆமா டாக்டர். சாமான் என் சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

"சாமான் கிடக்கட்டும். முதல்ல எனக்கு அந்தக் கதைய சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று இரண்டு மணி நேரம் லேபில் ஒரு பல்லும் நகரவில்லை.

மதிய இடைவேளையில் ஒவ்வொருவராக வந்து அச்சு கொடுத்தார்கள். வாயில் அச்சு எடுக்கும் மாவை வைத்ததும் தபால்காரருக்குக் குமட்டல் எடுத்தது. மூக்கால் மூச்சு விடச் சொல்லி, கிணறு எத்தனை அடி என்று கேட்டாள். அவர் விரலால் எண்பது காட்டுவதற்குள் மாவு இறுகிவிட்டது. சொந்தப் பல்லின் மேல் நகம் போல மெல்லியதாக மாட்டிக்கொள்ளும் உறைகள். கஷ்டமெல்லாம் நிறத்தில்தான் இருந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் வானம் விழுகிற நிறம் என்று நாவலில் எழுதியிருக்கும். முதல் கலவை மை குடித்த குழந்தையின் வாய் மாதிரி இருந்தது. இரண்டாவதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்; கதவைத் திறந்த கணவர், "என்னம்மா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று பதறிவிட்டார். மூன்றாவதில் துளிப் பச்சையும் துளிச் சாம்பலும் சேர்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று மாட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். இதுதான்.

"எனக்கும் ஒண்ணு போடு" என்றார் கணவர்.

"நீங்கதான் படிக்கவே இல்லையே."

"படிக்காதவன் பல்லைக் காட்டக் கூடாதுன்னு சட்டமா?"

அப்படித்தான் பன்னிரண்டு பதின்மூன்று ஆயிற்று.

படம் வெளியான அன்று காலைக் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. நடு வரிசையில் பதின்மூன்று பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு அணைந்தது. உப்பு வெளி திரை முழுக்க விரிந்தபோது, போனில் பார்த்தது ஒன்றுமே இல்லை என்று ஆயிற்று. தையலம்மா பல்லக்காவின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை.

படத்தில் கதையைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். கிணற்றுக்காரி அந்தக் கோளிலேயே பிறந்தவள் இல்லை. இளம் வயதில் கப்பலில் வந்து இறங்குகிறாள். இறங்கிய இடத்தில் சிரித்தாள். டிரைலரில் வந்த அதே வெள்ளைச் சிரிப்பு. டீச்சர் கைப்பிடியை அழுத்தி எழுந்துவிட்டார்.

பல்லக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்சம் பொறுங்க டீச்சர்."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"எனக்கென்னமோ பொறுக்கலாம்னு தோணுது."

முதல் கிணற்றில் தண்ணீர் வந்தது. கிணற்றுக்காரி குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு ஏதோ பேசினாள். அரங்கில் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். பல்லக்கா மட்டும் முன்னால் நகர்ந்து சீட்டின் நுனிக்கு வந்தாள்.

"ஈறு ஓரத்தைப் பாருங்க" என்று கிசுகிசுத்தாள். "நூல் மாதிரி. நிறம் மாற ஆரம்பிச்சிருக்கு."

டீச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடுத்த காட்சியில் அந்த நூல் கொஞ்சம் தடித்திருந்தது. அதற்கடுத்ததில் பல்லின் பாதி வரை நீலம் இறங்கியிருந்தது. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை, கேமராவும் கிட்டே போய்க் காட்டவில்லை. ஆண்டுகள் போகப் போக அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"வளர்ந்த பல்லு எப்படிக்கா நிறம் மாறும்? இது தப்பில்ல?" என்று டீச்சர் அவள் காதில் கேட்டார்.

"தப்புதான். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் பல்லக்கா. முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் பல் விஷயமாக ஒரு தப்பை அவள் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அறுபத்தோராம் அத்தியாயம் வந்தது. கிணற்றடியில் இல்லை, அதிகாரிகளின் கப்பல் வந்து இறங்கும் பெரிய கூடத்தில் எடுத்திருந்தார்கள். அதிகாரி பேசிக்கொண்டே போனார். கிணற்றுக்காரியின் உதடு துடித்தது. பிறகு அவள் சிரித்தாள். இசை இல்லை. முப்பதடி உயரத் திரையில் ஒரு வாய் முழுக்க, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் விழுந்த வானம். கலவையில் துளிப் பச்சையும் இருந்தது. எங்கேயோ எவரோ தன்னைப் போலவே மூன்று தடவை கலக்கிப் பார்த்திருக்கிறார் என்று பல்லக்காவுக்குத் தெரிந்துவிட்டது. முகம் தெரியாத அந்த ஆளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவள்தான் முதலில் எழுந்தாள். மற்ற பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். எதிர்ப்புக் காட்ட வந்தவர்கள், திரையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையில் ஒருவர், "உக்காருங்கப்பா, மறைக்குது" என்றார்.

விளக்கு வந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. படக் கம்பெனி அனுப்பிய ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அரங்கின் மேனேஜர் ஓடிவந்து, "சொல்லியிருந்தா வாசல்லயே நிக்க வச்சிருப்பேனே" என்று வருத்தப்பட்டார். ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, "அக்கா, இது எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். விரலிடுக்கில் தெரிந்ததை வைத்தே பல்லக்காவுக்கு விஷயம் புரிந்தது. தன் நீல உறையைக் கழற்றினாள்.

"இது சும்மா மாட்டிக்கிறது. சொந்தக் கலர் இதுதான்" என்று பழுப்புப் பற்களைக் காட்டிச் சிரித்தாள்.

அந்தப் பெண் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. ஆனால் கண் சிரித்துவிட்டது. பல்லக்கா லேபின் விலாசத்தை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். "சும்மா வா. பேசிட்டு இருக்கலாம்."

வெளியே மத்தியான வெயில். பஸ் நிறுத்தத்தில் நின்று சண்டையை ஆரம்பித்தார்கள். தையலம்மா நூற்றுக்கு நூறு கொடுத்தார். டீச்சர் பேப்பர் திருத்துகிறவர் பாணியில் அறுபத்திரண்டு கொடுத்தார். பல்லுக்காகத் தனியாக ஐந்து. யாரும் எதிர்பாராமல், எல்லோரையும்விடக் கோபமாக இருந்தவர் பஸ் டிரைவர்.

"கிணறு எங்க?" என்றார்.

"கூடத்துல எடுத்துட்டாங்கல்ல. அதுவும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் பல்லக்கா.

"நல்லா இருந்துச்சா? கயிறு உருளையில ஏறுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், அது நின்னதும் அவ சிரிப்பான்னு இருபத்தாறு வருஷமா சொன்னியே. அந்தச் சத்தம் எங்க போச்சு? எண்பது அடிக் கிணறு. அதுக்கு முன்னாடி அவங்கப்பா கதை. ஒண்ணையும் காணோம். நீ சொன்ன படம் இதைவிட நல்லா இருந்துச்சு."

பதினோரு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணன் ஒரு வரி விடாம வச்சிருக்காரே" என்றார் தபால்காரர். கிணறு எண்பது அடிதான் என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. பல்லக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் கயிற்றின் சத்தம் வரைக்கும் கேட்டிருக்கிறார்.

ஒரு பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மூன்றாவது பஸ்ஸின் டிரைவர் கணவரின் டிப்போக்காரர். நிறுத்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"என்னண்ணே, பல்லுக்கு என்ன ஆச்சு?"

"தண்ணி ஒத்துக்கலப்பா" என்றார் பல்லக்காவின் கணவர். நீலப் பல்லோடு பன்னிரண்டு பேரும் பழுப்புப் பல்லோடு பல்லக்காவும் பஸ்ஸில் ஏறினார்கள்; கிணற்றுச் சண்டை இன்னும் முடியவில்லை.